மூன்றாம் கல்

கணக்குப் புத்தகத்தில் அது என் கையெழுத்துதான்:
வண்டி வாடகை, மூன்று ஷில்லிங்.
வண்டிக்காரனுக்கு பியர், நான்கு பென்ஸ்.
வைக்கோல் ஒரு கட்டு, இனாம்.
எதற்கு வண்டி என்று எழுதவில்லை.
எழுதாதே என்று யாரும் சொல்லவுமில்லை.

பிப்ரவரி. ஆலைக்குட்டை உறைந்த வாரம்.
எங்கள் சேகரத்தில் ஏழை வரி ஏறிக்கொண்டே போனது.
தகப்பன் பெயரில்லாத பிள்ளை
பிறந்த மண்ணுக்கே பாரம்; சட்டம் அப்படி.
டர்னிப் பிடுங்க வந்த கெசையா பென்ஃபோல்டுக்கு
மாதம் நிறைந்திருந்தது.

மேற்பார்வையாளர் ஜோசையா ட்ரப்
விரல்விட்டு எண்ணினார்:
வாரம் ஒன்றரை ஷில்லிங், பதினான்கு வருடம்.
"ஓடைக்கு அந்தப்பக்கம் பிறக்கட்டுமே" என்றார்.
"இருட்டுவதற்குள்" என்றேன் நான்.
வாரமெல்லாம் பூட்ஸ் தைப்பவன்,
ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்குமாக ஆமென் சொல்பவன்.
அதையும் ஆமென் போலத்தான் சொன்னேன்.

டன்னாக்கின் கிழட்டுக் குதிரைக்குப்
பாலம் பிடிக்காது.
நடுவில் போய் நின்றது.
சாட்டைக்கும் அசையவில்லை, டர்னிப்புக்கும் அசையவில்லை,
டன்னாக் அதன் தாயை இழுத்துத் திட்டியும் அசையவில்லை.
மருத்துவச்சி டோர்கஸ் ஹட்
பாவாடையைத் தூக்கிச் செருகி ஓடி வந்தபோது
தலை எங்கள் பக்கம்.
கால் இன்னும்
எந்தப் பக்கமும் இல்லை.

எட்டு மாதம் வழக்கு.
குதிரையின் முன்னங்கால் எங்கே,
வண்டியின் பின்சக்கரம் எங்கே,
எந்தக் கல்லுக்கு மேலே முதல் அழுகை?
டோர்கஸ் சொன்னாள்:
"கல்லை யார் பார்த்தது, ஐயா.
கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."
வக்கீல்கள் தின்றது
ட்ரப் எண்ணிய தொகையை ஆறு பவுன் தாண்டியது.
தீர்ப்பு வரவில்லை.
பிள்ளைக்குப் பல் வந்துவிட்டது.

ஞானஸ்நானப் பதிவேட்டில்
இருப்பிடம் என்று அச்சடித்த கட்டம் ஒன்று உண்டு.
ஏனோஸ் என்று பெயர் எழுதிய பாதிரியார்
அந்தக் கட்டத்தின்மேல் பேனாவைப் பிடித்தபடி
என்னைப் பார்த்தார்.
நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.
மை உலர்ந்தது.

மே மாதம் வந்தால் எல்லை சுற்றும் நாள்.
ஊர்ப் பையன்களைத் தலைகீழாய்த் தூக்கி
எல்லைக் கல்லில் முட்டி
வில்லோ மிலாறால் நாலு வீசினால்
சாகும்வரை எல்லை மறக்காது என்பது வழக்கம்.
பாலத்தின் கைப்பிடியில் உட்கார்ந்து
வேடிக்கை பார்ப்பான் ஏனோஸ்.
திங்கட்கிழமை எங்கள் ஆட்கள் தூக்குவார்கள்,
செவ்வாய்க்கிழமை அவர்கள் ஆட்கள்.
ரொட்டிக்கு யாருடைய பிள்ளையோ;
முட்டுவதற்கு இரண்டு ஊரின் பிள்ளை.

பதினோரு வருடம் கழித்து
தசமபாக வரைபடத்துக்கு அளவைக்காரர் வந்தார்,
இரும்புச் சங்கிலியோடும் சளியோடும்.
எல்லை எது என்றார்.
பெரியவர்கள் ஓக் மரம் என்றார்கள்,
வெட்டிப்போன ஓக் மரம் என்றார்கள்,
ட்ரப்பின் மகன் அவன் அப்பா காட்டிய கம்பம் என்றான்.
ஏனோஸ் மண்டியிட்டு
மூன்றாம் கல்லில் உள்ளங்கையை வைத்தான்.
"திங்கள் இந்த விளிம்பு.
செவ்வாய் அந்த விளிம்பு.
நடுவில் இந்தக் கையளவு,
இங்கே யாரும் அடித்ததில்லை."

அளவைக்காரர் சிரித்து, தும்மி,
இரண்டு பென்ஸ் கொடுத்தார்.
வரைபடத்தில் ஒரே கோடுதான் போட முடிந்தது.

மறுநாள் காலை அந்தக் காசோடு
என் பட்டறை வாசலில் நின்றான்.
இரண்டு பூட்ஸும் வாய் பிளந்திருந்தன.
"இதற்கு ஒரு காலுக்குத்தான் தோல் வரும்" என்றேன்.
குனிந்து பார்த்துக்கொண்டான்,
கணக்குப் போடுகிறவனைப் போல.
"எந்தக் கால்?" என்றான்.

மெழுகு நூலைத் தேடினேன்,
மேசையில், மடியில், தரையில்.
அது கையில்தான் இருந்தது.